நாயிபு

அரபு இலக்கணமாகிய நஹ்வில் 'நாயிபுல் ஃபாயில்' என்றொரு பாடம் உண்டு. மத்ரஸாவில் ஓதியவர்க்கு அது எளிதில் மறக்காது. 'ஸைது அம்ரை அடித்தான்' என்னும் வாக்கியத்திலிருந்து ஸைதை நீக்கிவிட்டால் 'அம்ரு அடிக்கப்பட்டான்' என்றாகிறது. செய்தவன் அகன்றுவிட, செயப்பட்டவன் அவனிடத்தில் வந்து அமர்கிறான். அமர்வதோடு நில்லாமல், ஸைதுக்கு உரியதாயிருந்த 'பேஷ்' குறியையும் முழுமையாகப் பெற்றுக்கொள்கிறான். அரைப் பேஷ் என்று ஒன்று இலக்கணத்தில் இல்லை. (அடிபட்ட பிறகே அம்ருவுக்கு இச்சிறப்புக் கிட்டுகிறது என்பது வேறு கதை!)

நாமும் ஒருகால் நாயிபாக இருந்தோம். அது 1998ஆம் ஆண்டு. மத்ரஸாப் படிப்பை நிறைவுசெய்து, அஃப்ஸலுல் உலமாத் தேர்விலும் தேறி, தமிழில் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்று, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டுத் தபால்காரரை எதிர்நோக்கியிருந்த நாட்கள் அவை. மூன்றாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்கச் செல்லுவதே அக்காலத்தில் நமக்கிருந்த அரசுத் தொடர்பு. அவ்வேளையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துப் பள்ளியொன்றில் தமிழாசிரியை பேறுகால விடுப்பில் செல்ல, அவ்விடத்தில் நிற்குமாறு நம்மை அழைத்தனர். அன்றைய விதிப்படி அவ்விடுப்பு 90 நாள். பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலிருந்து நமக்கு மாதம் 600 ரூபாய். வருகைப் பதிவேட்டில் நம் பெயர் இல்லை. ஆசிரியர் அறையில் நமக்கென நாற்காலியும் இல்லை; எவரேனும் வகுப்புக்குச் சென்றிருந்தால் அவருடையதில் அமர்ந்துகொள்வோம். நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் நல்லாசிரியர்க்கு உவமை என்றார் நன்னூல் செய்த பவணந்தியார். தற்காலிக ஆசிரியர் என்றொரு வகையை அவர் அறிந்திருக்கவில்லை.

ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு தெரியாது. வணக்கம் சொல்லுவதில் அவர்கள் குறைவைக்கவில்லை. அவர்கள் தந்தது முழுப் பேஷ்.

ஒருநாள் ஆகுபெயர் நடத்தினோம். பொருள், இடம், காலம் ஆகிய மூன்றையும் எடுத்துக்காட்டுடன் விளக்கி முடிக்கையில் மணி அடித்துவிட்டது. "சினையும் பண்பும் தொழிலும் நாளைக்கு" என்று சொல்லிவிட்டு வந்தோம். ஆசிரியை விடுப்பை நீட்டிப்பார் என்று நம்பியிருந்தோம். மறுநாள் காலை அவர் வந்துவிட்டார். அலுவலகத்து மேசைமேல் மிச்சச் சம்பளம் ஓர் உறையில் இருந்தது. வகுப்புக்குச் சென்று ஒரு சொல் சொல்லிவிட்டு வர அனுமதி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வெட்கம் என்று அன்று நினைத்தோம். அது செருக்கே என்று இன்று தோன்றுகிறது.

கடந்த மாசி மாதத்தில் ஒரு காலைப்பொழுது, கிருஷ்ணன்கோவிலில் பேருந்துக்காக நின்றிருந்தோம். மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே வத்திராயிருப்புக்குச் சாலை பிரியும் இடம் அது. 1984இல் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் நிறுவனம் பல்கலைக்கழகமாகிவிட்டபின், காலை வேளையில் அங்கே மாணவர் கூட்டம் நிரம்பி வழியும். அக்கூட்டத்தினின்றும் நாற்பது வயது கடந்த அம்மையார் ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயா, ஆகுபெயர் ஐயாதானே நீங்கள்?" என்றார்.

அவர் அந்த ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர். இன்று அவரும் தமிழாசிரியை, அவரும் நாயிபே.

அவர் கடந்து வந்த வழி தமிழ்நாட்டில் பல்லாயிரவர் கடந்த வழி. அவர் பதிவுசெய்தபோது பதிவு மூப்பின்படி பணி கிடைத்தது. அவருடைய முறை நெருங்குகையில், 2012இல், ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. அவ்வாண்டு ஜூலையில் நடந்த முதல் தேர்வை ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுத, தேறியவர் மூவாயிரத்துக்கும் குறைவு. இவர் 2013இல் தேறினார். அப்பொழுது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் பட்டப்படிப்பு மதிப்பெண்ணையும் சேர்த்தெண்ணும் 'வெயிட்டேஜ்' முறை இருந்தது. மதிப்பெண்ணைக் கஞ்சத்தனமாய் அளந்த காலத்தில் படித்தவர்கள் அதில் பின்தங்கினர். 2018இல் அம்முறையைக் கைவிட்டு, தேறியவர்க்கு இன்னொரு போட்டித் தேர்வு என்றனர். 2024 பிப்ரவரியில் அது நடந்தபோது இவர் எழுதினார். சில மதிப்பெண்களில் நின்றுவிட்டார்.

இதற்கிடையே, 2022இல் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியே தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவுசெய்தது. பட்டதாரி ஆசிரியர்க்கு மாதம் 10,000 ரூபாய். அவ்வழியில் நுழைந்தவர் இவர். பகுதிநேர ஆசிரியர் கதை வேறு; 2012இல் 5,000 ரூபாய்க்கு, வாரத்தில் மூன்று அரைநாள் என்று 16,549 பேரை எடுத்தார்கள். மே மாதத்துக்கு ஊதியமில்லை என்ற ஏற்பாட்டிலேயே அவர்களுக்குப் பல்லாண்டு கழிந்தது. மே மாதம் பசிக்காது போலும்!

பேறுகால விடுப்பு 2011இல் ஆறு மாதமாயிற்று, 2016இல் ஒன்பது, 2021இல் பன்னிரண்டு. தாய்மார்க்கு இது நியாயமானதே, நாம் மகிழ்கிறோம். அந்தப் பன்னிரண்டு மாதமும் கரும்பலகையின் முன் நிற்பவர் யார், அவருக்கு உரியது என்ன என்பதை மட்டும் அதே தெளிவுடன் எவரும் எழுதிவைக்கவில்லை.

அம்மையார் சிரித்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னார். பணியில் இருப்போரும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவராயின், இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததல்லவா? அவர் பள்ளியின் நிரந்தர ஆசிரியர் இருவர் இவருடைய பழைய குறிப்பேடுகளை வாங்கிப் படிக்கிறார்களாம். "கொடுத்தீர்களா அம்மா?" என்றோம். "கொடுக்காமல் என்ன ஐயா, நானே சொல்லியும் கொடுக்கிறேன்" என்றார்.

பிறகு நாம் கேளாமலே அந்த நாளைப்பற்றிச் சொன்னார். "மறுநாள் நோட்டில் சினையாகுபெயர் என்று தலைப்பு எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஐயா. அம்மா வந்து வேறு பாடம் தொடங்கிவிட்டார்கள். நீங்கள் ஊருக்குப் போய்விட்டீர்கள் என்று யாரோ சொன்னார்கள்."

நமக்கு மறுமொழி வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தோம். அவர் அதைக் குறையாகச் சொன்னதாகத் தெரியவில்லை. "நான் எந்தப் பாடத்தையும் நாளைக்கு என்று வைப்பதில்லை, ஐயா. மணி அடிப்பதற்குள் முடித்துவிடுவேன்" என்றார்.

வத்திராயிருப்புப் பேருந்து வந்தது. கூட்டத்தில் முண்டியடித்து ஏறிப் படியருகே நின்றுகொண்டார். பள்ளி ஆண்டு முடிய ஆறு வாரங்கள் இருந்தன. ஜூனில் மீண்டும் அழைப்பார்களா என்று நாம் கேட்கவில்லை.