பாடிப் போகாத நாட்கள்

ஜூலை 8, 2024
நேற்று ராத்திரி கபடி மேட்ச். இரண்டாம் பாதியில் பாடிப் போனேன், எதிரே ஆறு பேர். போனஸ் கோட்டைத் தாண்டி இடது காலை வைத்துவிட்டு உடம்பைத் திருப்பினேன். யாரும் பிடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. ஊன்றிய வலது கால் மண்ணிலேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் பொட்டென்று ஒரு சத்தம். நடுக்கோட்டைப் பார்த்துத் தவழ்ந்தேன். பாதியில் பாட்டு நின்றுவிட்டது. அவுட்.

ஜூலை 12
ஸ்கேன் வந்துவிட்டது. முட்டியில் முன் ஜவ்வு முழுசாகக் கிழிந்திருக்கிறது. அது தானாக ஒட்டாதாம். தொடையின் பின்பக்கத்துத் தசைநாரை எடுத்து ஜவ்வு இருந்த இடத்தில் வைப்பார்களாம். மறுபடி கபடி ஆட ஒன்பது மாதமாவது ஆகும் என்றார் டாக்டர். "நடக்குறதுக்கு ஒண்ணும் இல்லையே சார்?" என்று அம்மா கேட்டாள். அப்பா செலவைக் கேட்டார். பழைய வேகம் வருமா என்று கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை.

ஜூலை 13
தூக்கம் இல்லை.

ஆகஸ்ட் 4
ஆடி அமாவாசை. வீட்டில் எல்லோரும் சுருளிக்குப் போயிருக்கிறார்கள். ஆபரேஷன் போன வாரம் முடிந்தது. குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து முட்டியைக் கீழே அழுத்த வேண்டும். முதலில் கால் முழுசாக நீள வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்கிறார் பிசியோ. தொடையை இறுக்கச் சொன்னால் இறுக மாட்டேன் என்கிறது, யாரோ ஒருவருடைய தொடை மாதிரி கிடக்கிறது. முட்டி வீங்கினால் தொடைச் சதை இப்படித்தான் அணைந்துபோகுமாம். தையல் டேப்பை வைத்து அளந்தேன். இடதைவிட வலது மூன்று சென்டிமீட்டர் சிறுத்துவிட்டது.

பார்க்க வந்த பெரியம்மா, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி இந்த ஆட்டம்" என்றார். அண்ணன் பைக்கில் விழுந்து கையை முறித்தபோது, பைக் எதுக்கு என்று அவர் கேட்டதாக ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 19
கால்தானே போயிற்று, மூச்சு இருக்கிறதே. படுத்தபடியே "கபடி கபடி" பாடினேன். ஒரு ரைடுக்கு முப்பது செகண்ட், தம்பி போனில் நேரம் பார்த்தான். இருபத்திரண்டிலேயே இருமல் வந்துவிட்டது. கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கும் முட்டி ஆபரேஷன்தான் என்று தம்பி சொன்னான். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட், ஏப்ரலில் ஆபரேஷன். இந்த வருஷ ஐபிஎல்லில் 19 விக்கெட். இடையில் இருந்த வருஷங்களை அவர் எப்படிக் கடத்தினார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அது ஸ்கோர் கார்டில் இல்லை.

செப்டம்பர் 4
நேற்று நடுராத்திரி பாரிஸ் பாராலிம்பிக்ஸ் பார்த்தேன். முந்தின நாள்தான் பேட்மிண்டனில் துளசிமதிக்கு வெள்ளி, மனிஷாவுக்கும் நித்யஸ்ரீக்கும் வெண்கலம். நேற்று உயரம் தாண்டுதலில் மாரியப்பன். சேலம் பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் வலது காலில் பஸ் ஏறிவிட்டது. 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அடுத்தது டோக்கியோ. தொடக்க விழாவில் கொடி பிடிக்க வேண்டியவரை, விமானத்தில் கூட வந்த ஒருவருக்குக் கொரோனா என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். போட்டி அன்று மழை, அடிபட்ட காலின் சாக்ஸ் நனைந்துபோயிற்று. 1.86, வெள்ளி. நேற்று 1.85, வெண்கலம்.

"ஒவ்வொரு தடவையும் கீழதானக்கா வர்றாரு" என்றான் தம்பி. எனக்குச் சுள்ளென்று கோபம். இந்த வருஷ மே மாதம் கோபேயில் 1.88 தாண்டி உலக சாம்பியன் ஆனவர் அவர், அதைச் சொன்னேன். சொல்லியும் கோபம் அடங்கவில்லை. இருபத்தொரு வயதிலேயே உச்சத்தைத் தொட்டவர். அதற்குப் பிறகு எட்டு வருஷம், அதைவிடக் குறைந்த உயரத்துக்காகவும் தினமும் ஓடி வந்து குதித்திருக்கிறார். இதைத் தம்பிக்கு எப்படி விளக்குவது? விளக்கவில்லை. படுத்ததும் தூக்கம் வந்தது.

செப்டம்பர் 15
முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டி. எங்கள் டீம் பிள்ளைகள் தேனிக்குப் போயிருக்கிறார்கள். யாரும் போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை.

அக்டோபர் 20
வலி இல்லை, மாடிப்படி ஏறுகிறேன். ஆனால் இப்போதுதான் பத்திரமாக இருக்க வேண்டுமாம். வைத்த ஜவ்வு ரத்த ஓட்டம் பிடித்துத் தேற மாதக்கணக்கில் ஆகும், கால் நன்றாக இருப்பதாகத் தோன்றும்போதுதான் பிள்ளைகள் ஓடிப்போய் மறுபடி கிழித்துக்கொள்கிறார்கள் என்றார் பிசியோ.

சாயங்காலம் சித்தி வந்தார். ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு நடக்கிறது. விடியுமுன் ஜீப் ஏறினால் கம்பமெட்டு வழியாகக் கேரளா, பொழுது சாய்ந்து வீடு. செடியடியில் குனிந்து சரத்தில் முற்றிய காயை மட்டும் பறித்துப் பறித்து விரலெல்லாம் கருத்திருந்தது. முந்தின வருஷம் அந்த ஜீப் வளைவில் கவிழ்ந்து சித்திக்குக் காறை எலும்பு முறிந்தது.

"மறுபடி ஏற பயமா இல்லையா சித்தி?"

"இல்லாம? முதல் நாலஞ்சு நாள் கம்பியை விட்டுக் கையை எடுக்கலடி. இப்பவும் அந்த வளைவு வந்தா பிடிப்பேன். பிடிச்சுக்கிட்டே போறதுதான்."

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அரிசி ஊற வைக்க வேண்டுமாம்.

நவம்பர் 11
முட்டியில் மறுபடி நீர் கோத்திருக்கிறது. எதுவும் வேண்டாம் போல இருக்கிறது.

டிசம்பர் 8
மைதானத்தில் மெதுவாக ஓடினேன். நேராக ஓடும்வரை ஒன்றுமில்லை. மூலை வந்ததும் கை தானாகத் தொடையைப் பிடித்தது. பிடித்தபடியே திரும்பினேன்.

ஜனவரி 26, 2025
ஒற்றைக் காலில் தாண்டி அளந்தார்கள். இடது கால் 132 சென்டிமீட்டர், வலது 98. நூற்றுக்கு எழுபத்து நான்கு. தொண்ணூறாவது வேண்டும் என்கிறார் பிசியோ.

மைதானத்தில் என் இடத்தில் பாடிப் போகும் பிள்ளையைப் பார்த்தேன். கூடலூர்ப் பக்கம். நல்ல வேகம், ஆனால் திரும்பும்போது காலை முழுசாக ஊன்றிவிடுகிறாள். கூப்பிட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு வரும் வழியெல்லாம் அவள்மேல் பொறாமை.

விளையாட்டு ஒதுக்கீட்டில் 3 சதவீதம் அரசு வேலை இருக்கிறது என்றுதான் அம்மா என்னை இத்தனை வருஷம் விட்டாள். ராத்திரி சோறு போடும்போது கேட்டாள்: "தொண்ணூறு வந்து, ஆடி, மறுபடி கிழிஞ்சா?"

கிழியலாம். இந்தச் சின்ன வயதில் மறுபடி ஆடப் போகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம் என்று பிசியோவும் மறைக்காமல்தான் சொன்னார். அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அடுத்த மாதமும் அளக்கச் சொல்லியிருக்கிறேன்.