இந்து நகரைக் கடந்தபோது...

சென்ற மே மாதம் என் தமக்கையுடனும் அவர் மகனுடனும் நீலகிரிக்குச் சென்றிருந்தேன். மேட்டுப்பாளையத்திற்கும் குன்னூருக்கும் இடையே 1899-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய மலை இரயில், ஒவ்வொரு குகையையும் விட்டு வெளிவரும்போதெல்லாம் சன்னல்தோறும் கைபேசிகள் நீண்டன. உதகையை அடையுமுன்னரே மருமகன் நானூறு படங்கள் எடுத்துவிட்டான். என் தோளிலோ பழைய காமிரா. ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படங்களே. "மாமா, இந்தக் காலத்தில் இதை ஏன் சுமக்கிறீர்கள்?" என்று சிரித்தான்.

குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களில் இருவரும் போட்டியிட்டோம். அந்தி மயங்கி மூடுபனி இறங்கியபோது வெற்றி அவனுக்கே. கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாக இணைத்து, இருளிலும் தெளிவு காட்டியது கைபேசி. ஆனால் எதிர்ச் சரிவில் ஒரு பாறைமேல் வரையாடு தோன்றியபோது நிலைமை மாறியது. காமிராவின் நீண்ட லென்சு கண்ணாடியின் வல்லமையால் தொலைவை அருகில் கொணர்கிறது. கைபேசியோ ஓர் எல்லைக்குமேல் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறது. வரையாடு வெறும் பழுப்புக் கறையாயிற்று. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் உண்டு என்று சமாதானம் செய்துகொண்டோம்.

மறுநாள் உதகையை அடுத்த இந்து நகரைக் கடந்தோம். "இதுதான் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்த இடம்" என்றேன். 1960-இல் நடுவண் அரசு நிறுவிய இத்தொழிற்சாலையில் 1967-இல் உற்பத்தி தொடங்கியது. பிலிமின்மேல் வெள்ளி உப்புக் கலவையைப் பூசுவதற்குத் தூசியற்ற காற்றும் குளிர்ச்சியும் தேவை. இரண்டையும் மலை கொடையாக அளித்தது. ஒளி பட்டால் பிலிம் கெட்டுவிடும். ஆகவே தொழிலாளர் பலர் இருட்டிலேயே, கைகளையே கண்களாக்கி உழைத்தனர். திங்களைக் குறிக்கும் 'இந்து' என்னும் பெயர் தாங்கிய அச்சுருள்கள் நாடெங்கும் சென்றன. நம் இல்லச் சுவர்களில் தொங்கும் கறுப்பு வெள்ளைப் படங்களுள் சில இம்மலையில் பிறந்த பிலிமில் பதிந்தவையாக இருக்கலாம். மருத்துவமனைகளுக்கு எக்ஸ்ரே பிலிமும் இங்கிருந்து சென்றது.

பின்னர் வண்ணப்படம் பரவியது; தொழிற்சாலை நலிவுற்றது. அடுத்து, பிலிமே வேண்டாத காமிராவும், அதனையும் விழுங்கிய கைபேசியும் வந்தன. 2014-இல் ஊழியர்களின் விருப்ப ஓய்வுத் திட்டத்திற்கு அரசு ஒப்புதல் அளித்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்ட ஆலை மூடுண்டது. நமக்குக் கிடைத்த வசதிக்கு வேறொருவர் விலை கொடுத்திருக்கிறார் என்பதை அமைதியான அவ்விடம் உணர்த்திற்று.

அதுவரை பேசாதிருந்த தமக்கை மெல்லச் சொன்னார்: "உன் அத்தானின் கடைசி இரண்டு ஆண்டுப் படங்களெல்லாம் என் கைபேசியில்தானே இருந்தன! அது தண்ணீரில் விழுந்ததோடு எல்லாம் போயிற்று. இவனுடைய புதுநன்மை நாளன்று கோயில் வாசலில் நீ காமிராவில் எடுத்துச் சட்டமிட்டுக் கொடுத்தாயே, அந்த ஒரு படத்தில்தான் இன்றும் அவர் சிரிக்கிறார்."

மருமகன் தலை குனிந்தான். அப்படத்தில் தந்தையின் கையைப் பற்றி நிற்கும் சிறுவன் அவன்தானே!

குற்றம் கைபேசியினுடையதன்று. அதனை வெறுப்பதிலும் பொருளில்லை. அது இல்லையெனில் எத்தனையோ ஏழை இல்லங்களில் குழந்தையின் முதற்சிரிப்பு பதிவாகாமலே போயிருக்கும். முப்பத்தாறு படங்களே என்றிருந்தபோது நாம் ஆய்ந்து எடுத்தோம், அச்சிட்டோம், ஆல்பத்தில் ஒட்டினோம். எல்லையில்லை என்றானதும் ஆய்வதை விட்டோம்; அச்சிடுவதை மறந்தோம். பிழை அங்கேதான்.

அன்று மாலை மருமகன் தன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்தான். கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவில் அவற்றை அச்சிட்டு வாங்கினோம். முதற்படத்தில் தேயிலைச் செடிகளுக்கிடையே அவன் தாய் நிற்கிறார். பின்புறத்தில் நாளையும் இடத்தையும் தன் கையாலேயே எழுதினான்.

அன்பர்களே, உங்கள் கைபேசியிலும் ஆயிரம் படங்கள் உறங்கலாம். இந்த ஞாயிறன்று குடும்பமாக அமர்ந்து பன்னிரண்டையேனும் தேர்ந்தெடுங்கள், அச்சிடுங்கள், பின்புறத்தில் பெயரும் நாளும் எழுதுங்கள். நாளை அவற்றைத் தேடும் கைகள் உங்கள் பிள்ளைகளுடையவை.