பெர்த்திலிருந்து: திரும்பி வராத மழை



இங்கே ஜூன் பிறந்தால் மழைக்காலம். ஆகஸ்ட் முடியும்வரை தோட்டத்துத் தெளிப்பான்களைத் திறக்கக்கூடாது என்பது அரசின் உத்தரவு. மற்ற மாதங்களிலும் குழாய்த் தண்ணீரில் வாரம் இரண்டு நாள்தான். எந்த நாள் என்பதை வீட்டு எண்ணின் கடைசி இலக்கம் சொல்லும். காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ ஒரே முறை. மீறினால் 100 டாலர் அபராதம். எங்கள் தெருவில் யாரும் இதற்காக முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

1970களின் நடுவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் இந்தத் தென்மேற்கு மூலையில் மழை குறைந்துகொண்டே வருகிறது. மழையில் குறைந்தது என்னவோ ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அணைகளுக்கு வரும் நீரோ முக்கால் பங்குக்கும் மேல் போய்விட்டது. காய்ந்த மண் தன் தாகம் தீர்ந்த பிறகுதானே ஓடைக்கு விடும்!

நான் மனதார மெச்சுவது, அரசு இதை ஒப்புக்கொண்ட விதத்தைத்தான். பழைய சராசரி திரும்பும் என்று காத்திராமல், இப்போது பெய்யும் மழையை வைத்தே கணக்குப் போட்டார்கள். 2006இல் க்வினானாவிலும் 2011இல் பின்னிங்கப்பிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. இடையே 2009இல், 2060 வரைக்குமான ஐம்பதாண்டு நீர்த் திட்டம். கழிவுநீரைச் சுத்திகரித்து, பின்னர் குடிநீராக எடுப்பதற்காக நிலத்தடிக்குள் செலுத்துவதை முதலில் சோதனையாக நடத்தி, மக்களை நேரில் வந்து பார்க்கவைத்து, அதன் பிறகே 2017இல் முழு அளவில் தொடங்கினார்கள். சாக்கடைத் தண்ணீரையா குடிப்பது என்ற அருவருப்பை அறிக்கை விட்டுப் போக்க முடியாது. அந்தப் பொறுமை பெரிய விஷயம்.

ஆனால் நங்காரா நிலத்தடி நீரை நினைத்தால் வயிறு எரிகிறது. நகரின் வடக்கே மணலுக்கடியில் தேங்கிய நீர் அது. பல பத்தாண்டுகளாக உறிஞ்சியதில் அதை நம்பியிருந்த ஏரிகள் வற்றுகின்றன. பேங்க்சியா மரங்கள் பட்டுப்போகின்றன. 2022இல் வந்த திட்டப்படி, குடிநீருக்காக எடுப்பதை ஆண்டுக்கு 3,000 கோடி லிட்டர் குறைப்பார்கள். அதுவும் 2028இலிருந்துதான். அந்த இடத்தை நிரப்ப ஆல்கிமோஸில் புதிய கடல்நீர் ஆலை எழும்புகிறது. வீட்டுத் தோட்டத்து ஆழ்துளைக் கிணறுகளுக்கு வாரம் மூன்று நாள் என்றிருந்ததை இரண்டாக்கியது மட்டும் உடனே நடந்தது. அந்தக் கிணறுகளில் எவ்வளவு இறைக்கிறோம் என்று அளக்க மீட்டர் கிடையாது. மீட்டர் வைக்கச் சொல்லி எங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதப்போகிறேன்.