ஐந்து வோல்ட்டில் ஒரு தோட்டம்

ஏப்ரல் 3, வியாழன்

மாலை ஆறு மணிக்கு ஆயர் குரோவில் இடியோடு பெருமழை. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் நடுவே வரும் ஏப்ரலில் இது வழக்கம்தான். மின்சாரம் இரண்டு முறை போய்ப் போய் வந்தது. சாப்பிட்டு முடித்ததும் அம்மா தொலைக்காட்சியில் தாத்தா படத்தைப் போடச் சொன்னார். கோப்புறை இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. "என்னப்பா, எல்லாரும் எங்க போயிட்டாங்க?" என்றார். படங்களை அம்மா எப்போதும் ஆட்களாகத்தான் சொல்வார்.

ஜாசின் வட்டாரத்தில் தாத்தா பால் வெட்டிய தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. லயம் இல்லை, ஆயாக்கொட்டகை இல்லை. மிச்சமிருப்பது சில ஆல்பங்கள், ஒலிநாடாவில் பாட்டியின் குரல், சில தாள்கள். எல்லாவற்றையும் 2021-இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு நாட்களில், ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையோடு 2 டெராபைட் வன்தட்டை இணைத்து அதில் ஏற்றிவைத்தேன். தொலைக்காட்சியும் கைப்பேசியும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். இன்று மாலை மழை தொடங்கியபோதும் அத்தையின் ஆல்பத்தை ஸ்கேன் செய்து ஏற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

இரவு தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

ராஸ்பெரி பை பெட்டி உயிரோடு இருக்கிறது. கூப்பிட்டால் பதில் தருகிறது, உள்ளே நுழையவும் முடிகிறது. பதிவேட்டைப் படித்தேன். நேற்று இரவு 7.12-க்கு வன்தட்டு காணாமல் போயிருக்கிறது, சில வினாடிகளில் திரும்பியிருக்கிறது, மறுபடியும் போயிருக்கிறது. வன்தட்டு செத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அதன் உடல்நிலை அறிக்கையில் நான் தேடியவை இரண்டு எண்கள்: கெட்டுப்போனதால் இடம் மாற்றப்பட்ட பகுதிகள் எத்தனை, படிக்க முடியாமல் காத்திருப்பவை எத்தனை. இரண்டும் பூஜ்யம்.

பழுது பார்க்கும் கட்டளையை உடனே ஓடவிடக் கை பரபரத்தது. விடவில்லை. தட்டின் மேல் சந்தேகம் வந்துவிட்டால் அதில் ஓர் எழுத்தும் எழுதக்கூடாது. முதலில் படி எடுத்துக்கொள்ள வேண்டும். படிக்க மட்டும் அனுமதித்துத் திறந்து, இன்னொரு தட்டுக்கு ஆர்சிங்க் என்ற நிரல் மூலம் நகல் எடுக்கத் தொடங்கினேன். வீட்டுக் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் சம்பாவைத் தொடங்கிய ஆஸ்திரேலியர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்தான் இந்த ஆர்சிங்க்கையும் எழுதியவர்களில் ஒருவர். முகம் தெரியாத அவருக்கு இந்த வீடு கடன்பட்டிருக்கிறது.

நூற்றுக்குப் பதினொன்றில் நகல் நின்றது. தட்டிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். அதே நொடியில் பலகையின் சிவப்பு விளக்கு அணைந்து எரிந்தது.

ஏப்ரல் 5, சனி

அந்தச் சிவப்பு விளக்கை நான்கு வருடமாகப் பார்க்கிறேன். அது என்ன சொல்கிறது என்று நேற்றுவரை நான் கேட்டதில்லை. வரும் மின்சாரம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது அணையும். பலகையிடம் இதைக் கேட்பதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. 50005 என்று பதில் வந்தது. கடைசி 5: இந்த நொடியில் மின்னழுத்தம் போதவில்லை, அதனால் வேகத்தையும் குறைத்துவிட்டேன். முதல் 5: பெட்டியைப் போட்ட பிறகு ஒரு முறையாவது இப்படி நடந்திருக்கிறது.

போன வருடம் பலகையின் அடாப்டர் கெட்டுப்போனபோது வீட்டில் கிடந்த கைப்பேசி சார்ஜரைச் செருகினேன். பலகைக்கு வேண்டியது 5.1 வோல்ட், 3 ஆம்பியர். நான்கு யூஎஸ்பி வாய்களுக்கும் சேர்த்து அது தரக்கூடியது 1.2 ஆம்பியர்தான். சுழலத் தொடங்கும் வன்தட்டு ஒன்றே அதில் பெரும்பங்கைக் குடித்துவிடும். பாரம் ஏறும்போது சார்ஜரும் மெல்லிய கம்பியும் தாங்கவில்லை. தட்டின் முள் பயந்து ஒதுங்குகிற சத்தம்தான் அந்த 'டிக்'. ஒரு வருடமாக அது தவித்திருக்கிறது. மழை அதை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சரியான அடாப்டரும், தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப்பும் வாங்கிவந்தேன். இப்போது அந்த மின்னழுத்தக் கட்டளைக்குப் பதில் பூஜ்யம். நகல் மூன்று மணி நேரம் ஓடியது. பிறகு தட்டு மறுபடியும் காணாமல் போனது, இந்த முறை சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

கம்பி, வாய், ஹப் எல்லாவற்றையும் மாற்றப் போனேன். அக்காள் மகன் தடுத்தான். "மாமா, ஒரு நேரத்துல ஒன்ன மட்டும் மாத்துங்க. எல்லாத்தையும் மாத்துனா எது கெட்டதுன்னே தெரியாது." நியாயம். இருவரும் பதிவேட்டை மறுபடி படித்தோம். வன்தட்டின் கூட்டுக்குள் சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றித் தரும் சில்லு ஒன்று இருக்கிறது. யூஏஎஸ் என்ற வேகமான முறையில் பல கட்டளைகள் ஒன்றாக வந்தால் சில சில்லுகள் திணறித் தொடர்பை விட்டுவிடும். பெட்டியின் தொடக்கக் கோப்பில் அந்தச் சில்லின் எண்ணைக் கொடுத்து, பழைய முறையில் பேசச் சொன்னோம். அந்தக் கோப்பு முழுக்க ஒரே வரியாக இருக்க வேண்டும். புது வரியில் எழுதினால் எடுபடாது. அதற்கே எங்களுக்கு ஒரு மணி நேரம் போயிற்று.

வேகம் குறைந்தது. நகல் விடியவிடிய ஓடி முடிந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

படி கையில் இருப்பதால் இன்று தைரியமாகப் பழுது பார்த்தேன். பெயர் இழந்த கோப்புகள் பதினான்கு, வெறும் எண்களாக ஒதுங்கிக் கிடந்தன. எல்லாம் வியாழன் மாலை ஏற்றியவை. ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்பதாவது, தாத்தாவின் சந்தாப் புத்தகத்தில் ஒரு பக்கம். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா உறுப்பினர். மாதம் பத்து வெள்ளி. பால் வெட்டும் கூலியில் அந்தப் பத்து வெள்ளி எவ்வளவு பெரிது என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். தாளை ஏற்கெனவே பூச்சி அரித்திருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

ஒரு வாரமாகப் பதில் பூஜ்யமாகவே வருகிறது. ஆனாலும் நிம்மதி இல்லை. அசலும் படியும் ஒரே அலமாரியில், ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் படி இல்லாத ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. வீட்டு ஆல்பத்துக்கு அந்த அளவு கிடையாது. எங்களுக்கு மட்டும் அதுதான் நூலகம். இரண்டாவது தட்டை இந்த வீட்டில் வைக்கப்போவதில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைப் புத்தாண்டு. பாயசம் குடித்துவிட்டு அம்மா தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார். லயத்துக் கிணற்றடிப் படம் வந்தது. இவர் தண்டல் வீட்டம்மா, இது சின்னப் பாட்டி, குடத்தோடு நிற்பது நான் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, கோப்பின் பெயரில் சேர்த்துக்கொண்டே வந்தேன். ஓரமாய் நிற்கிற பெண் யாரென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. "உங்க அத்தைக்குத் தெரியும், கேட்டுப் பாரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஜாசினுக்குப் போகிறேன். தட்டு அத்தை வீட்டில் இருக்கும்.