அப்பாவின் வட்டியும் பெரியப்பாவின் சென்செக்ஸும்!

பி.காம். படித்தவனுக்கு நம் ஊரில் ஒரு சாபம் உண்டு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், இலையில் பாயசம் விழுவதற்கு முன்னால் பக்கத்து இலையிலிருந்து கேள்வி விழும். ''தம்பி, ஷேர்ல போடலாமா, பாங்க்ல போடலாமா?'' டாக்டரைப் பார்த்தால் ஓசியில் முதுகுவலி சொல்வதில்லையா, அந்த மாதிரிதான்.

நான் நேரடியாகப் பதில் சொல்வதில்லை. எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் இருவரின் கதையைச் சொல்லிவிடுவேன்.

ஒருவர் அப்பா. தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ். பென்ஷன் என்று பெரிதாக எதுவும் கிடையாது. 2014-ல் ரிடையர் ஆகி, கைக்கு வந்த 20 லட்சத்தையும் அப்படியே பாங்கில் எஃப்.டி. போட்டார். அப்போது வட்டி 9 சதவிகிதம். மாதம் 15,000 ரூபாய். ''ராஜா மாதிரி இருக்கலாம்டா'' என்றார். இருந்தார். 2020-ல் புதுப்பிக்கப் போனபோது, சீனியர் சிட்டிசன் சலுகையெல்லாம் சேர்த்தே 6 சதவிகிதம் என்றார்கள். மாதம் 10,000! அசல் பத்திரமாகத்தான் இருந்தது, ஒரு பைசா குறையவில்லை. ஆனால் பால்காரரும் மெடிக்கல் ஷாப்காரரும் அசலைப் பார்த்தா விலை வைக்கிறார்கள்? அம்மா சத்தமில்லாமல் இரண்டாவது காபியை நிறுத்தினாள். எனக்கு அதுதான் உறுத்தியது.

இன்னொருவர் பெரியப்பா. 2008 ஜனவரியில் ரிடையர் ஆனார். சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்ட மாதம் அது. டீக்கடை முதல் முடிதிருத்தகம் வரை எல்லோரும் ஷேர் பேசிய காலம். 10 லட்சத்தையும் ஷேரில் போட்டார். அக்டோபரில் சென்செக்ஸ் ஒருநாள் 8,000-க்குக் கீழேயே போய் எட்டிப் பார்த்தது. சரி, காத்திருக்கலாம் என்றால் 2009 மார்ச்சில் அக்காவுக்குக் கல்யாணம். கையில் வேறு பணம் இல்லை. விற்றார். வந்தது ஏறக்குறைய 4 லட்சம். 2010 தீபாவளியன்று சென்செக்ஸ் மறுபடி 21,000-ஐத் தாண்டியது. பெரியப்பா அன்று பட்டாசு வெடிக்கவில்லை.

இந்த இருவரில் யார் முட்டாள்? இருவருமே இல்லை. அப்பாவைக் கடித்தது விலைவாசி, பெரியப்பாவைக் கடித்தது அவசரம். இரண்டு பாம்புக்கும் விஷம் வேறு. அதனால் மருந்தும் இரண்டு வேண்டும்.

இதை எங்கள் தாத்தா எந்தக் காலேஜுக்கும் போகாமல் தெரிந்து வைத்திருந்தார். மன்னார்குடிப் பக்கம் விவசாயம். வயலில் நெல், வரப்பில் உளுந்து. தண்ணீர் குறைந்தால் நெல் வாடும், உளுந்து ஓரளவு தாங்கும். இதையே கணக்குப் போட்டு 1952-ல் கட்டுரையாக எழுதிய ஹாரி மார்க்கோவிட்ஸுக்கு 1990-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தாத்தாவுக்கு உளுந்து வடைதான் கிடைத்தது.

''அகல உழுவதைவிட ஆழ உழணும்டா'' என்பார் அப்பா, நான் ஷேர் பேச்சை எடுத்தாலே.

''அப்புறம் தாத்தா ஏம்ப்பா வரப்புல உளுந்து போட்டார்?''

பதில் வரவில்லை. டம்ளரை வைக்கும் சத்தம்தான் கொஞ்சம் பலமாக வந்தது.

ஆனால் 2023-ல் இறங்கி வந்தார். சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துக்கு அந்த ஏப்ரலில் வட்டி 8.2 சதவிகிதம் ஆனது. உச்சவரம்பும் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமானது. அதில் 15 லட்சம், அவசரத்துக்கு பாங்கில் 2 லட்சம், ''தொடவே மாட்டேன்'' என்று சத்தியம் செய்து இண்டெக்ஸ் ஃபண்டில் 3 லட்சம். அந்த 15 லட்சத்துக்கே மாதக் கணக்கில் 10,250 வருகிறது. 2020-ல் முழு 20 லட்சத்துக்கு வந்ததைவிட அதிகம்! இரண்டாவது காபி திரும்ப வந்துவிட்டது.

அது ரிடையர் ஆனவர் கணக்கு. முப்பது வயதில் ஆபீஸ் போகிற உங்கள் கணக்கு வேறு.

''ஷேரா? எங்க வம்சத்துக்கே ஆகாது சார்'' என்பார் ஒரு நண்பர். அவருக்கு ஒரு செய்தி. உங்கள் பி.எஃப். நிறுவனமே 2015 ஆகஸ்டிலிருந்து ஷேர் மார்க்கெட்டில் இருக்கிறது. புதிதாக வரும் பணத்தில் 5 சதவிகிதம் என்று ஆரம்பித்து, 2017-ல் அந்த வரம்பை 15 ஆக்கினார்கள். உங்களைக் கேட்காமலேயே உங்கள் வம்சம் ஷேரில் இறங்கிவிட்டது!

மிச்சமெல்லாம் பெரும்பாலும் கடன் பத்திரங்கள். அதாவது நீங்கள் கடன் கொடுத்தவர், வட்டி வாங்குபவர். தொண்ணூறுகளில் பி.எஃப். வட்டி 12 சதவிகிதம். 2024-25-க்கு 8.25. வரவு நல்ல வரவுதான், ஆனால் வருடத்துக்கு வருடம் அதுவே நிற்கும் என்று நம்பிக் கல்வெட்டில் எழுதக் கூடாது. பென்ஷன் இருக்கிறதே என்பீர்கள். பி.எஃப். பென்ஷன் சூத்திரத்தில், 2014-ல் வைத்த 15,000 ரூபாய் சம்பள வரம்புப்படி, 35 வருட சர்வீஸ் கணக்கில் வந்தாலும் மாதம் 7,500 ரூபாய். வீட்டு வாடகைக்கே ஆகாது.

முதல் வேலையாக, பி.எஃப். பணத்தையும் கணக்கில் சேருங்கள். பலர் ''நான் மாசாமாசம் எஸ்.ஐ.பி. போடறேன், முழுக்க ஷேர்தான்'' என்று பெருமை பேசுகிறார்கள். பி.எஃப்.பில் 6 லட்சம், ஷேர் ஃபண்டில் 1 லட்சம் என்றால் ஏழில் ஒரு பங்குதான் ஷேர். 100-லிருந்து வயதைக் கழித்தால் வருவது ஷேர் சதவிகிதம் என்று ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. 34 வயதுக்கு 66. வேதவாக்கு இல்லை, ஆனால் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க உதவும்.

இரண்டையும் கலந்து வைத்தால் என்ன ஆகும்? 10 லட்சத்தில் 6 ஷேர், 4 பாண்டு. ஷேர் 40 சதவிகிதம் விழுகிறது, பாண்டு 7 சதவிகிதம் தருகிறது. கையில் 7.88 லட்சம். முழுக்க ஷேர் என்றால் வெறும் 6. இப்போது பாண்டிலிருந்து சுமார் 1.13 லட்சம் எடுத்து ஷேரில் போட்டால் பழைய 60:40. எல்லோரும் அலறி விற்கும்போது நீங்கள் மலிவாக வாங்குகிறீர்கள். 2020 மார்ச் 23-ம் தேதி ஒரே நாளில் சென்செக்ஸ் 3,900 புள்ளிகளுக்கு மேல் விழுந்து 26,000-க்குக் கீழே போனது. அடுத்த ஜனவரியில் 50,000-ஐத் தொட்டது. அன்று வாங்கத் தைரியம் மட்டும் போதாது, விழாத பணமும் கையில் இருந்திருக்க வேண்டும்.

''பி.எஃப்.பை உடைக்க முடியாதே சார்?'' உடைக்கவே வேண்டாம். புதிதாகப் போடும் பணத்தைத் திருப்பிவிடுங்கள், போதும். எனக்கு பி.எஃப்.பே இல்லை. பத்திரிகைக்கு எழுதுபவனுக்கு யார் பிடிப்பார்கள்? அதனால் பி.பி.எஃப். ஒரு பக்கம், இண்டெக்ஸ் ஃபண்ட் ஒரு பக்கம். வருடத்துக்கு ஒருமுறை பொங்கல் லீவில் கணக்குப் பார்ப்பேன். எது இளைத்திருக்கிறதோ அதற்கு அந்த வருடச் சாப்பாடு அதிகம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஷேர் எப்படியும் சீக்கிரம் திரும்பும் என்று சத்தியம் செய்யாதீர்கள். ஜப்பானின் நிக்கேய், 1989 டிசம்பர் உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். நடுவில் ஒரு மனிதன் வேலைக்குச் சேர்ந்து ரிடையரே ஆகிவிடலாம்! பாண்டு என்றாலே பத்திரம் என்றும் நினைக்காதீர்கள். ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். 2018 ஜூலையில் 'டிரிபிள் ஏ' தரம். செப்டம்பரில் கடனைத் திருப்ப முடியாமல் கையை விரித்தது. ஒரு சதவிகிதம் கூட வட்டி என்று யாராவது ஆசை காட்டினால், அந்த ஒரு சதவிகிதம் எதற்குத் தருகிறான் என்று கேளுங்கள்.

அடுத்த சம்பளம் வந்ததும் ஸ்லிப்பில் 'நெட்' தொகையை மட்டும் பார்த்து மூடிவிடாமல், பி.எஃப். வரியையும் பாருங்கள். ஒரு தாளில் இரண்டு கோடு போட்டு, ஒன்றில் ஷேர், ஒன்றில் வட்டி என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பத்து நிமிஷம் ஆகும். அப்புறம் கல்யாணப் பந்தியில் என்னைப் பார்த்தால், தயவுசெய்து பாயசத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்!