விரிசல் விட்ட அடுப்பு



வார்ப்பிரும்பு வலிமையானது, ஆனால் வளைந்து கொடுக்காதது. அதில் ஏறக்குறைய 2 முதல் 4 விழுக்காடு கரிமம் கலந்திருக்கிறது. அதனால் அச்சில் வார்ப்பது எளிது. திடீர் வெப்ப மாற்றத்தில் வெடிப்பதும் எளிது.

கடந்த பொங்கல் விழாவில் எங்கள் பள்ளியின் விறகடுப்புக்கு நேர்ந்ததும் இதுவே. பால் பொங்கும் வேளையில் பெருமழை கொட்டியது. பழுக்கக் காய்ந்திருந்த அடுப்பின் பக்கச் சுவரில் ஒரு சாண் நீளத்திற்கு விரிசல் விழுந்தது. பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம் என்றனர் சிலர். "எங்கப்பா ஒட்டித் தருவாரு, சார்" என்றான் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். வகுப்பில் வாய் திறவாத பிள்ளை அவன்.

அவன் தந்தை வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவர். பெற்றோர் சந்திப்பு எதற்கும் அவர் வந்ததில்லை. சனிக்கிழமை அடுப்புடன் சென்றேன். "நான் மூணாம் படிவத்தோட நின்னவன், சார். பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னத்தப் பேசுறது?" என்றார்.

பிறகு வேலையில் இறங்கினார். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டார். கீறலை 'வி' வடிவில் தேய்த்து அகலப்படுத்தினார். அடுப்பு முழுவதையும் மெதுவாகச் சூடேற்றி, நிக்கல் கம்பியால் ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகப் பற்றவைத்தார். ஒவ்வொரு முறையும் சுத்தியலால் மென்மையாகத் தட்டினார். இறுதியில் காய்ந்த சாம்பலில் புதைத்து, மறுநாள் வரை ஆறவிட்டார்.

தள்ளி நின்ற மகன் எனக்கு விளக்கினான்: "விரிசலோட முனை கூரா இருக்கும், சார். ஓட்டை போட்டா அது அங்கேயே நின்னுடும். சட்டுன்னு ஆறினா திரும்பவும் வெடிச்சிடும்."

வெப்பத்தால் பொருள் விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்று ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். தேர்வுத்தாளில் அவ்வினாவுக்கு விடையெழுதாமல் விட்டவன் இவன். விடையோ அவனிடம் இருந்தது. அதைக் கேட்கும் விதத்தில்தான் எவரும் கேட்கவில்லை.

அறிவியல் பாட வேளையில் மாணவரிடம் பேச வருமாறு அத்தந்தையை அழைத்திருக்கிறேன். "பார்க்கலாம், சார்" என்றிருக்கிறார். அடுப்பு அடுத்த பொங்கலுக்கு ஆயத்தமாக இருக்கிறது.

பெற்றோர்களே, படிப்பு குறைவென்று பள்ளி வாசலிலேயே தயங்கி நிற்காதீர்கள். உங்கள் கைத்தொழிலிலும் பாடம் இருக்கிறது. ஆசிரிய நண்பர்களே, நம் மாணவரின் பெற்றோர் என்ன வேலை செய்கின்றனர் என்பதைப் பதிவேட்டில் எழுதுகிறோம். அவ்வேலையைப் பற்றி ஒருமுறையேனும் அப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறோமா?