சேர்ப்பதும் சேர்த்து வைப்பதும்

2025 ஆம் ஆண்டு ஐ.எஸ்.எல். பருவம் முடிந்த சமயம். பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக நம் புதல்வன், “அப்பா, இனி நான் மோகன் பகான் கட்சி” என்றான். பெஹாலாவில் இது சிறு செய்தியன்று. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீனும், மோகன் பகான் வென்றால் இறாலும் விலையேறும் நகரம் இது. வகுப்பில் பிள்ளைகள் அவனை ஏளனம் செய்தனராம். “நம் கழகம் ஏன் அப்பா தோற்றுக்கொண்டேயிருக்கிறது?” என்று கேட்டான். கண்ணில் நீர் துளிர்த்திருந்தது.

குற்றம் ஆட்டக்காரர்களுடையது அன்று; நிர்வாகத்தினுடையது என்பதே நம் துணிபு. 2018 இல் ஒரு முதலீட்டாளர், 2020 இல் மற்றொருவர், 2022 இல் மூன்றாமவர். 2020 செப்டம்பர் இறுதியில்தான் ஐ.எஸ்.எல்.லில் இடம் கிடைத்தது. நவம்பரில் ஆட்டம் தொடங்கிவிட்டது. அவசரத்தில் திரட்டிய அணி ஒன்பதாம் இடம் பெற்றது. மறு ஆண்டு ஒப்பந்தத் தகராறில் நாட்கள் கழிந்தன. இருபது ஆட்டங்களில் ஒரே வெற்றியுடன் கடைசி இடம். பின்னர் மூன்று பருவங்களிலும் ஒன்பதாம் இடமே.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் குவாட்ராத் என்னும் பயிற்சியாளரின் கீழ் சூப்பர் கோப்பையை வென்றனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் கிட்டிய தேசியக் கோப்பை அது. அடுத்த பருவத்திற்கு, தங்கக் காலணி பெற்ற தியமந்தாகோசை அழைத்து வந்தனர். ஆயினும் முதல் ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. மூன்றாம் தோல்வியோடு பயிற்சியாளரும் விலகினார். பெயர் பெற்றவரைக் கொணர்வதால் மட்டும் அணி அமைந்துவிடுவதில்லை.

எதிர்க் கட்சியினரானாலும் மோகன் பகானின் நிர்வாகத்தை மெச்சத்தான் வேண்டும். விஷால் கைத், சுபாசிஷ் போஸ், மன்வீர் சிங் முதலியோரைக் கலைக்காமல் ஆண்டுதோறும் வைத்திருந்தனர். 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லீக் கேடயம் அவர்களையே அடைந்தது.

இவ்வித்தையை ஒரு காலத்தில் ஈஸ்ட் பெங்காலும் அறிந்திருந்தது. ஜோதிஷ் சந்திர குகா என்னும் காரியதரிசியின் காலத்தில் அப்பாராவ், சாலே, தன்ராஜ், வெங்கடேஷ், அகமது கான் என்னும் ஐவர் முன்வரிசையில் ஆடினர். ‘பஞ்ச பாண்டவர்’ என்று வங்காளிகள் அவர்களைக் கொண்டாடினர். ஐவரும் தென்னாட்டிலிருந்து வந்தவர்கள். ஒரே நாளில் திரட்டப்பட்டவர்கள் அல்லர். ஒருவர் பின் ஒருவராக வந்து ஒன்றாகப் பழகியவர்கள். 1949, 1950, 1951 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றது அவர்கள் ஆடிய அணி.

இதையெல்லாம் புதல்வனிடம் சொன்னோம். “அவர்களும் நம்மைப் போல ரயிலேறி வந்தவர்களா?” என்று வியந்தான். ஆம் என்றோம். ஊர் விட்டு ஊர் வந்தவன் வேரூன்ற நாள் பிடிக்கும் என்பதை நம் குடும்பங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கழக நிர்வாகிகள்தாம் அதை மறந்துவிடுகின்றனர்.

கட்சி மாறுவது உன் விருப்பம், ஆனால் ஏளனத்துக்கு அஞ்சி மாறாதே என்று மட்டும் அவனிடம் கூறினோம். மறுநாள் அவன் சிவப்பு மஞ்சள் சட்டையையே அணிந்து விளையாடச் சென்றான்.